நல்ல டே கேர் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டே கேர் பார்க்கப் போனால் முதலில் காட்டுவது கட்டடத்தைத்தான். வரவேற்பறை, சுவர் ஓவியங்கள், புத்தம் புதிய விளையாட்டுச் சாமான்கள், சிசிடிவி திரை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுக் கட்டண விவரத்தைக் கையில் கொடுப்பார்கள். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டே கேர் என்பது வேறு. அழுதால் யார் தூக்குகிறார், எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறார், அடுத்த மாதமும் அதே ஆள் இருப்பாரா, அவ்வளவுதான். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி ஆட்களைப் பற்றியது. கட்டடம் பாதுகாப்பு என்ற அளவில் மட்டும் வரும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த அரசு ஆய்வு ஒன்று உண்டு. டே கேரின் தரத்தை அளக்க அதில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆய்வாளர்கள் ஓரமாக உட்கார்ந்து, பெரியவர்கள் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார்கள், குழந்தை கூப்பிட்டால் எப்படிப் பதில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்தார்கள். நீங்களும் அதையேதான் செய்யப் போகிறீர்கள். அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: குழந்தையின் வளர்ச்சியில் டே கேரைவிட வீட்டின் பங்குதான் பெரியது. குற்ற உணர்ச்சியோடு இடம் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: உங்கள் தேவையை எழுதுங்கள்

இடம் பார்க்கப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். போன பிறகு என்றால், பார்த்த இடத்துக்கு ஏற்றபடி தேவையை வளைத்துக்கொள்ளத் தோன்றும்.

எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வாரத்தில் எத்தனை நாள் என்பதை எழுதுங்கள். வேலை 9 மணிக்கு என்றால் டே கேர் 9 மணிக்குத் திறந்து பயனில்லை. வீட்டுக்குப் பக்கமா, அலுவலகத்துக்குப் பக்கமா என்ற கேள்விக்கு என் பதில் எளிது: குழந்தைக்குக் காய்ச்சல் என்று மதியம் போன் வந்தால் யார் கிளம்பிப் போவாரோ, அவருக்குப் பக்கமாக இருக்கட்டும்.

பெரிய மையமா, ஒருவர் தன் வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமா என்பதையும் யோசியுங்கள். வீட்டு டே கேரில் சத்தம் குறைவு, கூட்டம் குறைவு, வருடக்கணக்கில் ஒரே முகம். கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு யார் பார்ப்பார் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அதோடு, உள்ளே நடப்பதைப் பார்க்க இன்னொரு பெரியவர் கூட இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மையத்தில் ஆள் மாற்றிவிட முடியும். ஆனால் அந்த மாற்றம் அளவுக்கு மீறி நடந்தால் அதுவே பிரச்சினை.

தேடுவதைச் சீக்கிரம் தொடங்குங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அதிக ஆட்கள் வேண்டும் என்பதால், அந்த வயதுக்கான இடங்கள் எங்கும் குறைவு. நல்ல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

படி 2: போனிலேயே பாதியைக் கழித்துவிடுங்கள்

எல்லா இடத்துக்கும் நேரில் அலையத் தேவையில்லை. போனில் இவற்றைக் கேளுங்கள்:

- உரிமம் அல்லது பதிவு இருக்கிறதா, எதுவரை செல்லும்?
- என் குழந்தையின் வயதுப் பிரிவில் எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள்?
- சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு "மத்த குழந்தைங்களுக்குத் தொந்தரவா இருக்கும், கேட்டிலேயே ஒப்படைச்சுடுங்க" என்று பதில் வந்தால் அந்த இடத்தை அதோடு விட்டுவிடுங்கள். தூங்கும் நேரத்தில் சத்தம் போடாமல் வாருங்கள் என்று சொல்வது வேறு. பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்பது வேறு.

உரிமம் இருக்கிறது என்றால் அடிப்படை விதிகளைக் காகிதத்திலாவது பூர்த்தி செய்திருக்கிறார்கள் என்று பொருள். தரச் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உரிமம் இல்லை என்றால், ஏதாவது நடந்தபின் முறையிட உரிமம் கொடுத்த அலுவலகம் என்று ஒன்று இருக்காது. ஆய்வு அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும் இடங்களில் அவற்றைப் படியுங்கள். ஒரே குறை இரண்டு மூன்று முறை திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: ஆள் கணக்கு

இதில் ஏமாறுவது சுலபம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரே உலக விதி கிடையாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்கள் உண்டு. இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2 வயதுக் குழந்தைகளுக்கு அது 4-க்கு ஒருவர் என்று இருந்து, 2023-இல் 5-க்கு ஒருவர் என்று தளர்த்தப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து தரும் பரிந்துரை இப்படிப் போகிறது: ஒரு வயது வரை 3 குழந்தைகளுக்கு ஒருவர், 3 வயது ஆகும்வரை 4 பேருக்கு ஒருவர், 3 வயதில் 7 பேருக்கு ஒருவர், 4, 5 வயதில் 8 பேருக்கு ஒருவர்.

விகிதம் மட்டும் போதாது, குழுவின் அளவும் முக்கியம். 3 பேர் 12 குழந்தைகளைப் பார்ப்பதும் ஒருவர் 4 பேரைப் பார்ப்பதும் காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் ஒரே அறையில் பன்னிரண்டு சின்னக் குழந்தைகள் என்றால் சத்தத்திலேயே பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள். யாருடைய குழந்தை யார் பொறுப்பு என்பதும் கலங்கிப்போகும். மேலே சொன்ன பரிந்துரையிலேயே குழு அளவுக்கும் வரம்பு இருக்கிறது. 3 வயதுக்குட்பட்ட நடக்கும் குழந்தைகள் ஓர் அறையில் 8 பேருக்கு மேல் கூடாது.

சரி, ஏமாற்று எங்கே நடக்கிறது? மொத்த ஊழியர் எண்ணிக்கையை மொத்தக் குழந்தைகளால் வகுத்துச் சொல்வார்கள். அந்த ஊழியர் கணக்கில் சமையல்காரர், நிர்வாகி, கேட்டில் நிற்பவர் எல்லோரும் அடக்கம். அதனால் உங்கள் குழந்தை இருக்கப்போகும் அறையில் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். பிறகு போய் எண்ணிப் பாருங்கள். காலை 10 மணிக்குக் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். ஊழியர்கள் சாப்பிடப் போகும் மதிய வேளை, மாலையில் எல்லா வயதினரையும் ஒரே அறையில் சேர்க்கும் கடைசி ஒரு மணி நேரம், இந்த இரண்டிலும் எண்ணுங்கள்.

படி 4: நேரில் போய் உட்காருங்கள்

சுற்றிக் காட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. "உங்க வேலையைப் பாருங்க, நான் ஓரமா உக்காந்திருக்கேன்" என்று சொல்லி ஒரு மணி நேரமாவது அறையில் இருங்கள். முடிந்தால் குழந்தை இல்லாமல் போங்கள். குழந்தை கூட இருந்தால் உங்கள் கண் அதன் மேலேயே இருக்கும்.

போக நல்ல நேரம், சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம். குழந்தைகளுக்குப் பசி, தூக்கக் கலக்கம், எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும் வேளை அது. பெரியவர்களின் பொறுமையும் கடைசித் துளியில் இருக்கும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது யாருடைய சத்தம் என்பது. பெரியவர்கள் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு "ஏய், இறங்கு", "தொடாதே" என்று கூவிக்கொண்டே இருந்தால், எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க ஆள் போதவில்லை என்று அர்த்தம். முழு நிசப்தம் அதைவிட மோசம். இரண்டு வயதுக் குழந்தைகள் பத்து பேர் வாய் திறக்காமல் வரிசையாக உட்கார்ந்திருந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அதை ஒழுக்கம் என்று பெருமையாகக் காட்டுகிறவர்களும் உண்டு.

அடுத்து, ஓர் அழுகையை ஆரம்பம் முதல் முடிவு வரை பாருங்கள். யார் போகிறார்? எவ்வளவு நேரத்தில்? நின்றுகொண்டே பேசுகிறாரா, குனிந்து முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா? "அம்மாவைத் தேடுதா கண்ணு, சாயங்காலம் வந்துருவாங்க, வா, நாம ஜன்னல் பக்கம் போலாம்" என்பது ஒரு வகை. "நல்ல பையன் அழ மாட்டானே, வாயை மூடு" என்பது இன்னொரு வகை. எல்லோர் பொறுமையும் ஒரு தடவை தவறும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே இரண்டாவது வகைப் பேச்சு மட்டும்தான் என்றால், நீங்கள் இல்லாதபோது என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

டயப்பர் மாற்றும் இடத்தையும் கவனியுங்கள். நாளில் ஐந்தாறு தடவை நடக்கும் வேலை அது. குழந்தைக்கு ஒரு பெரியவரின் முழுக் கவனமும் தனியாகக் கிடைக்கும் நேரமும் அதுதான். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே மாற்றுகிறாரா, பொட்டலம் கட்டுவதுபோல் மாற்றித் தள்ளுகிறாரா? முடித்ததும் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா? மாற்றிய இடத்தைத் துடைக்கிறாரா? அந்த இடம் சாப்பாடு தயாரிக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறதா? டே கேரில் வயிற்றுப்போக்கு பரவுவதும் பரவாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் கை கழுவலில்தான் இருக்கிறது.

பேச்சு வராத குழந்தை ஏதோ ஒரு ஒலி எழுப்பினாலோ விரல் நீட்டிக் காட்டினாலோ பெரியவர் அதற்குப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். "ஆமா, காக்கா! பறந்துபோச்சா?" என்ற ஒரு வரி போதும். குழந்தை ஒன்று சொல்ல, பெரியவர் ஒன்று சொல்ல, இப்படி மாறி மாறிப் போவதில்தான் பேச்சும் சிந்தனையும் வளர்கின்றன. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை நடந்தன என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய எழுத்து அட்டைகளைவிட இந்த எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக, கீழே விழுந்த குழந்தை, பொம்மை பறிபோன குழந்தை, தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை, இவர்கள் தாமாக யாரிடம் ஓடுகிறார்கள்? ஊழியரிடம் ஓடினால் நல்ல அறிகுறி. எவரிடமும் போகாமல் தனியாக மூலையில் நின்று அழுது ஓய்ந்தால், அந்தக் குழந்தை அங்கே யாரையும் எதிர்பார்க்கப் பழகவில்லை என்று பொருள்.

படி 5: பாதுகாப்பு

குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் முதல் கேள்வி தூக்கம்தான். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை சமதளமாக, மெத்தென்று அமுங்காததாக இருக்க வேண்டும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. அமெரிக்காவில் 1992-இல் இந்தப் பரிந்துரை வந்து, 1994-இல் பெரிய பிரசாரமாகப் பரவியபின், தூக்கத்தில் நிகழும் காரணம் தெரியாத சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. வீட்டில் மல்லாக்கவே தூங்கிப் பழகிய குழந்தையைப் புதிதாகக் குப்புறப் படுக்க வைத்தால் ஆபத்து பல மடங்கு கூடும். "குப்புறப் போட்டா நல்லா தூங்கும்" என்று நினைக்கும் ஆள் டே கேரில் இருந்தால் நடப்பது அதுதான். ஆகவே கேட்பதோடு நிற்காமல் தூங்கும் அறையைப் பாருங்கள். ஊஞ்சல் நாற்காலியில் தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிப் படுக்கையில் விடுகிறார்களா? தூங்கும் அறையில் முகம் தெரியும் அளவு வெளிச்சம் இருக்கிறதா, ஒருவர் உள்ளே இருக்கிறாரா?

மற்றவற்றைப் பார்க்கக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு சுற்று வாருங்கள். மாடிப்படிக்கும் சமையலறைக்கும் கதவுத் தடுப்பு, திறந்த மின் சாக்கெட், ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு, சாய்ந்து விழக்கூடிய அலமாரி, கைக்கு எட்டும் கழிப்பறைத் திரவங்கள் என்று தானாகக் கண்ணில் படும். தண்ணீர் வாளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில அங்குலத் தண்ணீரிலேயே சின்னக் குழந்தை மூழ்கிவிட முடியும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகளையும் பாருங்கள். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் அரித்துவிடும்.

சாப்பாட்டில் முழுத் திராட்சை, கொட்டை வகைகள் போல உருண்டையாகவோ கடினமாகவோ இருப்பவை மூச்சுக்குழாயில் அடைக்கும். இவற்றை எப்படிக் கொடுக்கிறார்கள், சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். "எங்க மேடம் பயிற்சி எடுத்திருக்காங்க" என்றால், மேடம் இல்லாத நேரத்தில் யார் என்று கேளுங்கள்.

குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர்கள் தவிர வேறு எவர் வந்தாலும், சொந்த மாமாவே ஆனாலும், உங்களைக் கேட்காமல் விடக் கூடாது. சிசிடிவி இருப்பது நல்லதுதான். ஆனால் அது நடந்ததைப் பிறகு பார்க்க உதவுமே தவிர, நடக்காமல் தடுக்க ஆள்தான் வேண்டும்.

படி 6: கேள்விகளும் அவற்றின் பதில்களும்

நிர்வாகியிடம் பேசுவது போலவே, குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடமும் தனியாகப் பேசுங்கள். "இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்ற சாதாரண விசாரிப்பு போதும். அறையில் இருக்கும் எல்லோரும் சில மாதம் முன்பு சேர்ந்தவர்கள் என்றால், உங்கள் குழந்தையும் சில மாதத்துக்கு ஒரு புது முகத்துக்குப் பழக வேண்டியிருக்கும். கைக்குழந்தை என்றால் இன்னின்ன குழந்தைக்கு இன்னார் என்று ஒருவரைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

கடிக்கிற குழந்தையை, சாப்பிட மாட்டேன் என்கிற குழந்தையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேளுங்கள். "இங்க அந்தப் பிரச்சினையே இல்லை" என்பது பொய். ஒன்றரை, இரண்டு வயதில் கடிப்பது எங்கும் நடக்கும். நல்ல பதிலில் விவரம் இருக்கும்: பிரித்து விடுவோம், கடிபட்ட குழந்தையை முதலில் கவனிப்போம், எந்த நேரத்தில் நடக்கிறது என்று பார்ப்போம், இரண்டு பெற்றோரிடமும் சொல்வோம் என்பது போல. அடிப்பது, இருட்டறையில் விடுவது, சாப்பாட்டை நிறுத்துவது, வாயில் திணிப்பது, இவற்றில் எதையாவது சிரித்துக்கொண்டே சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

டிவி, மொபைல் பற்றிக் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் இந்த இரண்டும்தான் முதலில் மீறப்படும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் குழந்தையை எப்போது அனுப்பக் கூடாது என்பதற்கு எழுதி வைத்த விதி இருக்கிறதா? கறாரான விதி இருந்தால் விடுப்பு எடுக்கும் நாளில் எரிச்சலாக இருக்கும், ஆனால் மற்ற நாட்களில் உங்கள் குழந்தையைக் காப்பாற்றுவது அதுதான். எந்த டே கேராக இருந்தாலும் முதல் வருடம் சளியும் இருமலும் அடிக்கடி வரும். விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: காகிதங்கள்

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். கட்டணத்தில் எது சேர்த்தி எது தனி, விடுமுறைக்கும் கட்டணம் உண்டா, தாமதமாக அழைக்க வந்தால் எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், முன்பணம் திரும்ப வருமா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். குழந்தையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட உங்கள் சம்மதம் தேவை என்பதையும், எழுதிக் கொடுக்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 8: முடிவு

இரண்டு மூன்று இடம் தேறியிருக்கும். அந்த இடங்களின் வாசலில் மாலையில் நின்று, குழந்தையை அழைத்துப் போக வரும் பெற்றோரிடம் பேசுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா உங்களுக்கு எதுல வருத்தம் வந்துச்சு, அதைச் சொன்னதும் என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பெண்களைவிட இந்தப் பதில் பயன்படும். பிறகு இன்னொரு முறை, இந்தத் தடவை சொல்லாமல், வேறு ஒரு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

ஒரு இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் மனது ஒப்பவில்லை என்றால் அந்த உறுத்தலைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். நீங்கள் பார்த்த ஏதோ ஒன்று காரணமா, குழந்தையை விட்டுப் பிரிகிற கவலையா? இரண்டாவது என்றால் எந்த இடத்துக்குப் போனாலும் அது கூடவே வரும்.

படி 9: முதல் வாரங்கள்

ஏறக்குறைய 8 மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் சேர்க்கிறீர்கள் என்றால் பழகக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். முதலில் நீங்களும் கூட இருந்து ஒரு மணி நேரம், அப்புறம் நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே, அப்புறம் அரை நாள் என்று நீட்டுங்கள். இதற்கு இடம் கொடுக்காமல் "விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் அழுதா சரியாயிடும்" என்கிற இடத்தைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். கிளம்பும்போது நழுவி ஓடாதீர்கள். சொல்லிவிட்டு, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள். ஓடி மறைந்தால் குழந்தை அடுத்த நாள் முழுக்க உங்களைக் கண்காணிக்கும்.

விடும்போது அழுவது, வீட்டில் ஒட்டிக்கொள்வது, தூக்கம் கொஞ்சம் கெடுவது எல்லாம் சில வாரங்களுக்குச் சகஜம். நாள் போகப் போக அது குறைய வேண்டும். கூடிக்கொண்டே போவது, நன்றாக இருந்த குழந்தை ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்து மிரள்வது, காரணம் சொல்லப்படாத காயங்கள், தினமும் நனைந்து கனத்த டயப்பர், கேள்வி கேட்டால் முகம் மாறும் நிர்வாகி, இவற்றை அப்படியே விடக் கூடாது. சின்னக் குறை என்றால் நேரில் பேசி, பேசியதை ஒரு மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் விளக்கத்துக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தையை நிறுத்தி, காயத்தைப் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் காவல் துறைக்கும் தெரிவியுங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், ஆள் மாறிக்கொண்டே இருப்பதாலோ வீடு மாறுவதாலோ வேறு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், புது இடத்தில் குழந்தை பழகுவதற்கான நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே பழைய இடத்துக்கு விலகல் கடிதம் கொடுங்கள். ஒன்றிரண்டு வாரம் இரண்டு பக்கமும் கட்டணம் கட்ட வேண்டி வரலாம், அதையும் செலவில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.